அரைப் பேர்

தலவாக்கலையிலிருந்து கொத்மலைப் பக்கமாக இறங்கும் மலைவீதியில் அமைந்த சிறு நகரம் பூண்டுலோயா. ஆற்றின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. சுற்றிலும் தேயிலை மலைகள். நடுவே ஒரு கடைவீதி. அண்மையிலுள்ள டன்சினன் தோட்டம் ஸ்கொத்லாந்திலுள்ள ஒரு குன்றின் பெயரைத் தாங்கி நிற்கின்றது; சேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தைப் பயின்றோர் அப்பெயரை உடனே இனங்கண்டுகொள்வர். ஆங்கிலம் இவ்வூருக்கு நேற்று வந்த விருந்தாளி அன்று. தோட்டத்துப் பெயர்ப்பலகையிலும், துரையின் கந்தோரிலும், செக்ரோல் புத்தகத்திலும் அது நூறாண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்து வருகின்றது. ஆயினும், அந்தப் புத்தகத்தில் எவருடைய பெயர்கள் எழுதப்பட்டனவோ அவர்களுடைய லயங்களுக்குள் அம்மொழி நுழைந்ததில்லை.

இந்நகரின் கடைவீதியை அடுத்த ஒரு சிறு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆங்கில வகுப்பொன்று நடைபெறுகின்றது. அதற்கு வருவோர் பொருளியலைப் பாடமாகக் கொண்டவர்கள். சிலர் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றவர்கள், சிலர் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து விடுமுறைக்கு வீடு வந்திருப்பவர்கள். எல்லோரும் தமிழ்மொழி மூலம் கற்றவர்கள். கற்பிப்பவர் அட்டன் நகரில் ஒரு கடைக்காரருடைய மகனாகப் பிறந்து வளர்ந்த ஆங்கில ஆசிரியர். அவர் இலக்கணத்தைப் பெரிதும் கற்பிப்பதில்லை. மாணவர்கள் இலக்கணத்தை ஓரளவு அறிந்தே வருகின்றனர். அவர்கள் அறியாது வருவது வேறொன்று: எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது.

இக்குறைபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1960ஆம் ஆண்டையொட்டி இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைத்துறைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படலாயின. ஆங்கிலம் அறிந்த ஒரு சிலருக்கே உரியதாயிருந்த உயர்கல்வி, கிராமத்துப் பிள்ளைக்கும் பின்னாளில் தோட்டத்துப் பிள்ளைக்கும் எட்டியது அம்மாற்றத்தினாலேயே. கலைச்சொல்லாக்கம் பெருமுயற்சியோடு நடைபெற்றது. தமிழகத்தார் தேவை என்றும் அளிப்பு என்றும் வழங்குவனவற்றை ஈழத்தார் கேள்வி என்றும் நிரம்பல் என்றும் வழங்கினர். சென்மதி நிலுவை, எல்லைப் பயன்பாடு, பணவீக்கம் முதலிய சொற்கள் மாணவர் நாவிற் பழகின. ஆனால் மேற்கோள் நூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் மத்திய வங்கி அறிக்கைகளின் விரிவான பகுதிகளும் ஆங்கிலத்தைச் சார்ந்தே நின்றன. மாணவன் தமிழிற் கற்று ஆங்கிலத்திற் படிக்க வேண்டியவனானான். அகராதியின் துணைகொண்டு ஒவ்வொரு சொல்லாக அவன் ஆங்கிலத்துக்கு மீளும்போது விந்தையான வாக்கியங்கள் பிறக்கின்றன. 'கேள்வி அதிகரித்தது' என்பது 'க்வெஸ்சன் இன்க்ரீஸ்ட்' ஆகின்றது. 'கடனை அடைத்தோம்' என்பது கதவை அடைப்பது போல 'க்ளோஸ்ட் த டெட்' ஆகின்றது. பெருமழையை ஆங்கிலேயர் 'ஹெவி' என்பர். மாணவரோ அதனை 'ஸ்ட்ரோங் ரெயின்' என்று எழுதுவர். சொற்கள் யாவும் சரியானவை. அவற்றின் கூட்டுத்தான் பிழை.

மொழியியலார் இதனை முன்னரே ஆராய்ந்துள்ளனர். ஜப்பானிய மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பணியில் ஈடுபட்டிருந்த ஹரோல்ட் பாமர், 1933இல் தோக்கியோவிலிருந்து ஆங்கிலச் சொற்சேர்க்கைகள் பற்றிய விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டார். இன்ன சொல் இன்ன சொல்லோடு வருமென்பதைத் தனித்தனியே கற்றாலன்றி அயல்மொழியாளனுக்கு வேறு வழியில்லை என்பது அவர் கண்ட அனுபவம். லாகூரிற் பேராசிரியராக இருந்தவரும், 1934இல் தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சிறு விளக்கம் எழுதியவருமான ஜே. ஆர். பேர்த், ஒரு சொல்லின் பொருளில் ஒரு பகுதி அதனுடன் வழக்கமாகக் கூடிவரும் சொற்களிலேயே தங்கியுள்ளதென விளக்கினார். அவருடைய மாணவர் ஹாலிடே 1966இல் எழுதிய கட்டுரையில் இதற்குத் தந்த உதாரணம் தேநீர். ஆங்கிலேயர் 'ஸ்ட்ரோங் டீ' என்பர். 'பவர்புல் டீ' என்னார். இரண்டு அடைமொழிகளுக்கும் வலிமையென்பதே பொருளாயினும் தேநீர் ஒன்றையே ஏற்றுக்கொள்கின்றது.

பூண்டுலோயா வகுப்பில் இவ்வுதாரணத்தை ஆசிரியர் சொன்னபோது மாணவர்கள் சிரித்தனர். சாயம் கூடிய தேத்தண்ணி என்பதே அவர்கள் வீட்டு வழக்கு; வலிமையைப் பற்றிய பேச்சே அங்கு எழுவதில்லை. அதைவிட, ஆங்கிலத்தில் 'டீ' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடப்பவற்றை மலையகத் தமிழ் பிரித்தே வைத்திருக்கின்றது. செடியில் நிற்பது தேயிலை. கூடையில் விழுவது கொழுந்து. தொழிற்சாலையிலிருந்து வெளிவருவது தேயிலைத்தூள். கோப்பையிற் குடிப்பது தேத்தண்ணி. எனவே ஏற்றுமதிப் புள்ளிவிவரங்களில் 'மேட் டீ' என்பதைக் கண்ட மாணவனொருவன், அது ஊற்றித் தயாரித்த தேநீர் என்றே எண்ணிவிட்டான். பச்சைக் கொழுந்து ஏறத்தாழ நாலரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ 'மேட் டீ' கிடைக்கின்றது என்பதை அறிந்தபின்னரே அவனுக்கு அட்டவணையின் பொருள் புலனாயிற்று. அவனுடைய தந்தை தொழிற்சாலையில் வேலை செய்பவர். அந்தக் கணக்கு வீட்டிலேயே இருந்தது. ஆங்கிலச் சொற்சேர்க்கைதான் அவனுக்கு அதனை மறைத்து நின்றது.

ஆசிரியருடைய கற்பித்தல் முறை எளியது. கொப்பியில் ஒரு பக்கத்துக்கு ஒரு பெயர்ச்சொல். நடுவே அச்சொல், வலப்புறம் ஆங்கிலத்தில் அதனோடு வரும் வினைகளும் அடைகளும், இடப்புறம் தமிழில் அதே பொருளுக்கு வருபவை. கடன் என்னும் பக்கம் முதலில் நிரம்பியது. தமிழிற் கடன் படுகிறோம். துன்பம் படுவது போன்றதே அதுவும். கடனை அடைக்கிறோம், தீர்க்கிறோம், கழிக்கிறோம். ஆங்கிலேயன் கடனுக்குள் ஓடிப்போய் விழுகின்றான். அதனைத் துடைத்துச் சுத்தம் செய்கின்றான். கொடுத்தவன் இரங்கினால் எழுதித் தள்ளுகின்றான். தமிழில் 'கடன் கொடு', 'கடன் வாங்கு' எனக் கடன் என்னும் பெயர் ஒன்றே நின்று வினை மாறுகின்றது. ஆங்கிலத்தில் 'லெண்ட்' வேறு, 'பொரோ' வேறு. இவ்விரண்டையும் மாற்றி எழுதினால் வங்கி கடனாளியாகிவிடும்.

இவ்வாறான பயிற்சி வெறும் பரீட்சைத் தேவைக்குரியதெனச் சிலர் கருதலாம். 2022ஆம் ஆண்டு அவ்வெண்ணத்தை மாற்றியது. அவ்வாண்டு மார்ச் மாதம் ரூபா மிதக்கவிடப்பட்டது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவது இடைநிறுத்தப்பட்டது. மறு ஆண்டு உள்நாட்டுக் கடன் உகப்பாக்கம் என்ற பெயரில் ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரி முறிகள் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. செய்திகளில் 'ஹெயார்கட்' என்ற சொல் கடனோடு சேர்ந்து நாள்தோறும் ஒலித்தது. கடனுக்கு முடிவெட்டுவதா என்று மாணவர்கள் முதலிற் சிரித்தனர். வெட்டப்படுவது கடன் கொடுத்தவனுக்கு வரவேண்டிய தொகை என்றும், சேமலாப நிதியும் கடன் கொடுத்தவர்களுள் ஒன்றென்றும் ஆசிரியர் விளக்கியபோது சிரிப்பு அடங்கியது. முறிகளின் முகப்பெறுமதி குறைக்கப்படாமல் தவணையும் வட்டியுமே மாற்றப்பட்டன என்பதையும், அதனால் அதனை முடிவெட்டு என்பதா கூடாதா என்று பொருளியலாளர் வாதிட்டனர் என்பதையும் அவர் எடுத்துரைத்தார். தாயின் ஓய்வுகாலப் பணத்தைப் பற்றிய வாதத்தைப் பின்தொடர்வதற்கு அம்மாணவர்களுக்கு ஒரு சொற்சேர்க்கையின் எல்லை தெரிந்திருக்க வேண்டியதாயிற்று.

அவ்வகுப்பிற் பயின்ற மாணவி ஒருத்தி பல்கலைக்கழகத்தின் முதலாண்டை முடித்தவள். இரண்டாமாண்டிற் பொருளியலை ஆங்கிலத்தில் பயில வேண்டும் என்பது அவளது விருப்பம். அதற்கெனத் தனது ஆங்கில எழுத்தாற்றலைக் காட்டும் கட்டுரையொன்றை அவள் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பெருந்தோட்டத் துறையிற் கூலி நிர்ணயம் என்பது அவள் எடுத்துக்கொண்ட பொருள். 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்டதையும், நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவையும் தொடர்புபடுத்தி எழுதியிருந்தாள். ஒப்படைக்குமுன் ஆசிரியரிடம் திருத்தத்துக்குக் கொடுத்தாள். பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. 'ஏர்ன் எ வேஜ்', 'மீட் த நோர்ம்', 'பீஸ் ரேட்' ஆகியவை உரிய இடங்களில் நின்றன. ஓரிடத்தில் மட்டும் ஆசிரியரின் சிவப்புக்கோடு விழுந்தது. 'மை மதர் வாஸ் கிவன் ஹாப் எ நேம்' என்று அவள் எழுதியிருந்தாள்.

தோட்டத்து வழக்கை அறியாதோர்க்கு இது விளங்காது. செக்ரோலில் ஒருவருடைய ஒரு நாள் வேலை ஒரு பேர் எனப் பதியப்படுகின்றது. மாத முடிவில் எத்தனை பேர் என்று எண்ணியே சம்பளம் கணிக்கப்படும். குறித்த அளவு கொழுந்து வராத நாளில் அரைப் பேர் போடுவதும் உண்டு. அந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டமும் பருவத்துக்குப் பருவமும் மாறும். அட்டனில் வளர்ந்த ஆசிரியருக்கு அரைப் பேர் என்னும் வழக்குத் தெரியாததன்று. தெரிந்ததனாலேயே அவர் அதனை வெட்டினார். தமிழை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்த பிழையென்று கருதினார். மேலே 'ஹாப் எ டேஸ் வேஜ்' என்று திருத்தியும் எழுதினார்.

மாணவி தாளைப் பார்த்துச் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்னர், "சேர், அரை நாள் வேலை செஞ்சாத்தானே அரை நாள் சம்பளம்? அம்மா முழு நாளும் மலையில நின்னாங்க" என்றாள்.

"ஆங்கிலத்தில அப்படிச் சொல்ற வழக்கம் இல்ல, மகள்" என்றார் ஆசிரியர்.

"அப்ப அம்மாவுக்கு நடந்தத எப்படி சேர் எழுதுறது?"

ஆசிரியரிடம் விடை இருக்கவில்லை. அவள் சுட்டியது மொழிக் குறையை மட்டுமன்று, பொருளியற் பிழையொன்றையுங்கூட. நேரக்கூலி, துண்டுக்கூலி எனப் பாடநூல் இரண்டைப் பிரித்துக் கூறும். நேரத்துக்குக் கூலி கொடுப்பின் விளைச்சல் குன்றும் நாளின் நட்டத்தை முதலாளி ஏற்பான். துண்டுக்குக் கொடுப்பின் தொழிலாளி ஏற்பான். அரைப் பேர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. வெளித்தோற்றத்தில் அது நாட்சம்பளம். கொழுந்து குறைந்த நாளிலோ துண்டுக்கூலியாக மாறிவிடுகின்றது. வறட்சியிற் கொழுந்து வளராவிடினும், அடைமழையிற் கை ஓடாவிடினும் அதன் இழப்பு பறிப்பவளையே சாரும். 'ஹாப் எ டேஸ் வேஜ்' என்ற திருத்தம் இவ்வுண்மையை முற்றாக மறைத்து, அந்தத் தாயை அரைநாள் மட்டும் உழைத்தவளாக ஆக்கிவிட்டது. ஆங்கிலம் சுத்தமாயிற்று, செய்தி பொய்யாயிற்று.

அன்று மாலை ஆசிரியர் பேருந்துக்குக் காத்திருந்த தேநீர்க் கடையில், தோட்டமொன்றிற் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரைச் சந்தித்தார். பேச்சுவாக்கில் இதனைக் கேட்டபோது முதியவர் வியப்படைந்தார். "நாங்க ரிப்போட்டில 'ஹாப் நேம்'னுதானே தம்பி எழுதுவோம்? தொரையும் அப்படித்தான் சொல்லுவாரு. 'ஹாப் டே'ன்னா அது வேற கணக்கு. ரெண்டையும் ஒண்ணா எழுதினா செக்ரோல் சரிவராது" என்றார்.

ஆசிரியர் பிழையெனக் கண்டது தோட்டக் கந்தோர்களின் ஆங்கிலத்திற் பன்னெடுங்காலம் வழங்கிவரும் சொற்சேர்க்கை. பாடநூலில் இல்லாததனால் அது ஆங்கிலத்திலேயே இல்லையென அவர் எண்ணிவிட்டார். இவ்வாறு தோட்டத் தமிழ் ஆங்கிலத்துட் புகுந்தது இதுவொன்றன்று. கங்காணி என்ற சொல் குடியேற்றக்கால ஆவணங்களெங்கும் காணப்படுகின்றது. தொழிலாளர் கூட்டத்தின் கடனைத் தீர்த்தால் அவர்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அம்முறை 1921இல் தடைசெய்யப்பட்டபோது சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே துண்டு என்னும் தமிழ்ச்சொல் இடம்பெற்றது. கூலி என்ற சொல்லின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் அச்சொல்லின் பிறப்பைப் பற்றி வேறு கருத்துகளும் உண்டெனினும், தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம்; அதனைக் கொடுப்போம், பெறுவோம். துரைமார் ஆங்கிலத்திலோ அது திரட்டப்படும், கப்பலேற்றப்படும், எண்ணப்படும். கூடிவரும் வினைகளை நோக்கினால் போதும். ஊதியம் ஆளாக மாறிவிட்டது தெரியும். பேர்த் கூறிய தத்துவத்துக்கு மலையகம் தரும் உதாரணம் இது.

சொல்லுக்கும் வினைக்கும் உள்ள உரிமையைத் தமிழ் இலக்கணகாரர் மிகப் பழங்காலத்திலேயே கருதியுள்ளனர். உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன ஆகிய எல்லாவற்றையும் அடிசில் என்ற பொதுச்சொல்லாற் குறித்துவிட்டு, அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே உரிய வினையைக் கூறுதல் கூடாதென்பது தொல்காப்பியர் கருத்து. எல்லாவற்றுக்கும் பொதுவான வினையே அங்கு வேண்டும். ஈ, தா, கொடு என்னும் மூன்றும் கேட்பவன் தாழ்ந்தவனா, ஒத்தவனா, உயர்ந்தவனா என்பதற்கேற்ப வழங்குமெனவும் அவர் வரையறுத்தார். வினையைத் தேர்வதில் மனிதருக்கிடையிலுள்ள உறவும் அடங்கியிருக்கின்றதென்பது இதனாற் பெறப்படும். அரைப் பேரைத் தோட்டத்திற் 'போடுகிறார்கள்'. எவரும் அதனைக் கேட்டுப் பெறுவதில்லை. எழுதுகோலை வைத்திருப்பவர் போடுகிறார். மாணவி எழுதிய 'வாஸ் கிவன்' என்ற செயப்பாட்டு வினையில் அந்தக் கை மறைந்திருந்தது. ஆசிரியர் திருத்தியிருக்க வேண்டியது அவ்விடத்தையே.

பூண்டுலோயாவுக்கு அயலிலுள்ள மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். தோட்ட மக்களின் வாழ்வைக் கவிதையிலும் உரைநடையிலும் ஆங்கிலத்திலேயே எழுதி உலகறியச் செய்தவர். தமது மக்களின் வழக்குகளை ஆங்கிலத்துக்கு ஒவ்வாதவையென அவர் விலக்கியிருப்பின் அவ்வெழுத்து பிறந்திராது. அதேவேளை, வெளியார் விளங்கிக்கொள்ளத்தக்க செம்மையான ஆங்கிலம் அவருக்குக் கைவராதிருப்பினும் அது எவரையும் எட்டியிராது. பொருளியல் மாணவருக்கும் இவ்விரண்டும் வேண்டும். 'க்ளோஸ்ட் த டெட்' என்பதைத் திருத்தாமல் விடுவது மாணவனுக்குச் செய்யும் தீங்கு. அவனுடைய அறிவைப் பரீட்சகர் அறியாமற் போவதற்கு அது வழிவகுக்கும். ஆனால் எல்லாக் கூட்டுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. அயல்மொழியின் வழக்குத் தெரியாமையால் வந்த கூட்டு ஒன்று. அயல்மொழிப் பாடநூல் அறியாத உண்மையொன்றைச் சொல்ல வந்த கூட்டு மற்றொன்று. முன்னதைத் திருத்த வேண்டும். பின்னதை வைத்துக்கொண்டு விளக்கம் சேர்க்க வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு ஆசிரியர் ஆங்கிலத்தை அறிந்திருந்தால் மட்டும் போதாது. செக்ரோல் எவ்வாறு எழுதப்படுகின்றதென்றும் கேட்டறிய வேண்டும்.

அடுத்த ஞாயிறு மாணவி தன் கட்டுரையைத் திரும்பக் கொண்டுவந்தாள். ஒப்படைப்பதற்கு மூன்று நாட்களே எஞ்சியிருந்தன. ஆசிரியர், தாம் வெட்டிய சொற்களின் கீழே, அச்சகத்தார் 'அப்படியே இருக்கட்டும்' என்பதற்கு இடுவது போல வரிசையாகப் புள்ளிகள் இட்டார். தமது திருத்தத்தின்மேல் ஒரு கோடு கிழித்தார். வகுப்பினர் அனைவரும் கேட்கத் தமது பிழை இன்னதென்று கூறினார். பின்னர் இருவருமாக அப்பகுதியைத் திருத்தி எழுதினர். 'ஹாப் நேம்' நின்றது. அது தோட்டத்து வழக்கென்றும், முழு நாள் உழைத்தவருக்கும் கொழுந்து குறைந்தமையாற் பதியப்படும் அரைச்சம்பளமென்றும் ஒரு வாக்கியம் சேர்ந்தது. 'வாஸ் கிவன்' போயிற்று; பதிந்தவர் யாரென்பது எழுவாயாக வந்தது. அவ்வெழுவாயை எழுதும்போது மாணவி சிறிது தயங்கினாள். தாய் இன்னும் அதே தோட்டத்தில் வேலை செய்கின்றவள். தோட்டத்தின் பெயர் கட்டுரையில் வரத் தேவையில்லையென்று ஆசிரியர் சொன்னபின்னரே பேனா நகர்ந்தது.

அன்று கொப்பிகளில் புதிய பக்கம் ஒன்று திறக்கப்பட்டது. நடுவே 'நேம்' என்று எழுதி, வலப்புறம் தமக்குத் தெரிந்த ஆங்கில வினைகளை ஆசிரியர் கரும்பலகையில் இட்டார். இடப்புறத்தை மாணவர்களிடம் விட்டார். வீட்டிற் கேட்டு வரும்படி கூறினார். மறுவாரம் பார்த்தபோது பேர் போடுவது, பேர் விழுவது, பேர் வெட்டுவது எனத் தொடங்கி இடப்புறத்தில் பதினொரு வழக்குகள் சேர்ந்திருந்தன. அவற்றுள் ஆசிரியர் முன்னர் அறிந்திருந்தவை நான்கே.